மணல் வயிறு

மிர்வாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த வாரத்தில் அவள் புருஷன் யார்க்கோவும் கர்ப்பமானான். காலையில் தட்டை வயிற்றோடு அலுவலகம் போனவன், சாயங்காலம் நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினான். மேல்மாடி ஜன்னலில் நின்றிருந்த மிர்வா அதைப் பார்த்தாள். முதலில் யாரோ பீர் குடித்துப் பெருத்த ஆள் என்று நினைத்தாள். அப்புறம் அந்த ஆள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே தன் வீட்டு வாசலை நோக்கி வந்தபோதுதான் புரிந்தது.

அது தடித்த கான்வாஸ் துணியில் தைத்த ஒரு சட்டை. வயிற்றுப் பகுதியில் மணல் பைகள், மேலே பஞ்சடைத்த இரண்டு மார்புகள், மூத்திரப்பை இருக்கும் இடத்தில் அழுத்துவதற்கென்று ஒரு ஈயக் குண்டு. எல்லாவற்றையும் முதுகுப்பக்கம் நாலு வார்கள் இழுத்துப் பிடித்திருந்தன. நகராட்சியில் சமத்துவ வாரம் கொண்டாடினார்கள். ஆண் ஊழியர்கள் ஆளுக்கு ஒரு நாள் இதை மாட்டிக்கொண்டு பார்க்கலாம் என்று ஏற்பாடு. மற்றவர்கள் மாட்டி, சிரித்து, கழற்றி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். யார்க்கோ நகராட்சியின் மக்கள் தொடர்பு அதிகாரி. எனவே அவன் மட்டும் நடுக்கோடைப் பண்டிகை வரைக்கும் தானே சுமப்பதாக அறிவித்துவிட்டான்.

"இப்பதான் மிர்வா எனக்குப் புரியுது, நீ என்ன பாடு படறேன்னு," என்றான், வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு.

பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அவனுக்குப் புரிந்துவிட்டது. மிர்வா கழிப்பறைக்குப் போனாள். எப்படியும் போக வேண்டித்தான் இருந்தது.

மிர்வா பல் டாக்டர். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கண்டதும் வியர்த்துப்போகிற பெரிய மனிதர்களைத் தினமும் பார்த்துப் பழகியவள். ஆண்களின் வீரத்தைப் பற்றி அவளுக்கு எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் தன் புருஷனை அந்த வரிசையில் சேர்க்காமல் இத்தனை வருஷம் தள்ளி வைத்திருந்தாள். இந்த வாரத்தில் அவனும் அதில் போய் நின்றுவிட்டான்.

அவள் உடம்பு அவள் சொன்னபடி கேட்பதை வசந்தகாலத்திலேயே நிறுத்திவிட்டது. முதலில் விரல்கள். வலது கையின் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை ஊசி குத்துவதுபோல் ஆரம்பித்து, அப்புறம் மரத்தே போய்விட்டது. நீர் கோத்து மணிக்கட்டில் நரம்பை அழுத்துகிறது, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். உணர்ச்சியில்லாத விரலால் அடுத்தவர் வாயில் துளைபோடும் கருவியைப் பிடிக்க முடியாது. மே மாதமே வேலையை நிறுத்தினாள். அதன்பின் பாதம் வீங்கியது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. படுத்தால் நெஞ்சு எரிந்தது, உட்கார்ந்தால் விலா எலும்புக்கு அடியில் பிள்ளை குதிகாலை ஊன்றியது, புரண்டு படுத்தால் இடுப்பெலும்பின் முன்பக்கம் யாரோ கிழிப்பதுபோல் இருந்தது. தாய்சேய் நிலையத்தில் கொடுத்த பிரசுரத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தார்கள்: சிறு அசௌகரியங்கள். அந்தப் பிரசுரத்தை எழுதியவருக்குப் பல்லில் வேர்ச் சிகிச்சை செய்யும் வாய்ப்பு, அதுவும் மரத்துப்போக ஊசி போடாமல், தனக்கு என்றைக்காவது கிடைக்கட்டும் என்று மிர்வா மனதார விரும்பினாள்.

அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி ஒரு தலையணை. ஆள் நீளத்துக்கு, வளைந்து, மலைப்பாம்பு மாதிரி இருக்கும். ஒரு முனையை முழங்கால்களுக்கு நடுவிலும் நடுப்பகுதியை வயிற்றுக்கு அடியிலும் கொடுத்து, மறுமுனையைக் கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் தூங்கலாம். யார்க்கோ கர்ப்பமான மறுநாளே அது அவன் பக்கத்துக்குப் போய்விட்டது. கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பதைக் கண்டாள். மணல் வயிறு கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

தலையணையைக் கேட்டதற்கு, தனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது என்று முனகிவிட்டு அவன் திரும்பிப் படுத்தான். மிர்வா கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அந்தத் தலையணை எவ்வளவு சுகமானது, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஏன் அது அவசியம் என்று மறுநாள் நகராட்சியின் இணையப் பக்கத்தில் யார்க்கோ ஒரு பத்தி எழுதினான். நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

ஊரில் அவனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மீன் கடைக்காரி அவனுக்கு நாற்காலி எடுத்துப்போட்டாள். பக்கத்தில் நின்றிருந்த மிர்வாவிடம், எவ்வளவு அருமையான புருஷன் கிடைத்திருக்கிறான் என்று சொன்னாள். மிர்வா நின்றுகொண்டே அதை ஒப்புக்கொண்டாள். தாய்சேய் நிலையத்துக்கும் அவன் அந்த வயிற்றோடுதான் வந்தான். நர்ஸ் அவனைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்து, சக ஊழியர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அவனிடம்தான் விசாரித்தாள். அவனும் தண்டுவடத்தின் அடியில் ஆரம்பித்து மேலே ஏறுகிற வலியைப் பற்றி விரிவாகவே சொன்னான். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மிர்வாவின் கையில் இறுகிக்கொண்டே போனது. முதல் அளவு கூடுதலாக வந்தது. மனதில் ஏதாவது பதற்றம் உண்டா என்று நர்ஸ் கேட்டாள்.

பாத வீக்கம் பார்க்கக் கழற்றிய காலுறைகளை மிர்வாவால் திரும்ப மாட்ட முடியவில்லை. கை எட்டினாலும் விரல் பிடிக்காது. யார்க்கோ அப்போது வரவேற்பறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காலுறைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலைச் செருப்பில் நுழைத்து வெளியே வந்தாள்.

காரில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"உன் உடம்புக்குள்ள இவ்வளவு நடக்குது. அதுல எதுலயும் எனக்கு எடமில்ல. வாசல்ல நிக்கிற விருந்தாளி மாதிரி இருந்துச்சு மிர்வா. அதான் இதை மாட்டிக்கிட்டேன்."

மிர்வாவை அது தொட்டது. இவ்வளவு நாளும் தான் ஒரு முட்டாளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோமோ, உள்ளே பயந்துபோன ஒருத்தன் இருந்தானோ என்று தோன்றியது. மரத்துப்போன கையைத் தூக்கி அவன் முழங்காலில் வைத்தாள். வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

நடுக்கோடைப் பண்டிகைக்கு எப்போதும்போல் கடலோரத்தில் இருக்கும் யார்க்கோவின் அக்காள் தைனாவின் கோடை வீட்டுக்குப் போனார்கள். தைனா சுங்க இலாகாவில் வேலை பார்ப்பவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வெளியே அனுப்பியவள். ஒருவர் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னால், அவருடைய பெட்டியைத்தான் முதலில் திறக்கச் சொல்வாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. அக்கம்பக்கத்துக் கோடை வீட்டுக்காரர்களும் சாப்பிட வந்திருந்தார்கள். பிர்ச் மரக் கிளைகளை வாசலில் கட்டி, வெளியே நீள மேஜை போட்டு, சோம்புக்கீரை தூவிய புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த மத்தி மீனும் புகையில் வாட்டிய மீனும் பரிமாறினாள் தைனா.

சாப்பிடும்போது வயிறு இடிக்கிறது என்று யார்க்கோ சட்டையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் மாட்டியிருந்தான். அந்த மேஜையிலேயே மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். மிர்வா நெஞ்செரிச்சலுக்குப் பயந்து, மேஜை ஓரத்தில் நின்றபடி ஒரு உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டிருந்தாள். மணல் வயிறு மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி இந்த யோசனை வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். யார்க்கோ கரண்டியைக் கீழே வைத்தான். நெஞ்சில் கை வைத்தான்.

"அவ உடம்புக்குள்ள இவ்வளவு நடக்குது," என்றான். ஒரு மூச்சு இடைவெளி விட்டான். "அதுல எதுலயும் எனக்கு எடமில்ல. வாசல்ல நிக்கிற விருந்தாளி மாதிரி இருந்துச்சு."

அதே சொற்கள், அதே தயக்கம். 'எடமில்ல' என்ற இடத்தில் குரல் இறங்குவது வரைக்கும் அப்படியே. மேஜையைச் சுற்றி எல்லோரும் உருகிப்போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதை அவனுடைய முதல் பத்தியில் படித்தபோதே அழுதுவிட்டதாகச் சொன்னாள். அதாவது காரில் சொல்வதற்கு முன்னாலேயே எழுதிவிட்டான். முழங்காலில் கை வைத்தது ஞாபகம் வந்து மிர்வாவுக்குக் கூசியது. அந்தக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

தைனா மட்டும் உருகவில்லை. தம்பியையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், சாப்பிடறப்ப அதைக் கழட்டி வச்சிட்டியே. மிர்வா அவளோடதை எங்கடா மாட்டுவா?"

சிலர் சிரித்தார்கள். யார்க்கோவும் பெரிய மனதோடு சிரித்தான்.

சாப்பாடு முடிந்ததும் பெண்கள் முதலில் சௌனா என்ற நீராவிக் குளியல் அறைக்குப் போனார்கள். மற்றவர்கள் குளித்துவிட்டுப் போன பிறகு, சூடு தணிந்ததும் தைனா மிர்வாவைக் கூட்டிப்போனாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கீழ்ப்படியில் உட்கார வைத்து, அடுப்புக் கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டாள். மூன்றாவது பிள்ளையின்போது தனக்கு மூலம் வந்து, சுங்கச் சாவடியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்ததைச் சொன்னாள். பெட்டியைத் திறக்க மறுத்தவர்கள் எல்லோரும் அன்றைக்குத் தன் முகத்தைப் பார்த்தே திறந்துவிட்டார்களாம். மிர்வா சிரித்தாள். சிரித்ததில் கொஞ்சம் மூத்திரம் போனது. அதையும் சொன்னாள். தைனா இன்னொரு கரண்டித் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றிவிட்டாள்.

"வா, கடல்ல எறங்கலாம்," என்றாள்.

வழுக்கிவிடும் என்று மிர்வா பயந்தாள். முன்னால் தான் இறங்குவதாகவும் தன் தோளைப் பிடித்துக்கொள்ளும்படியும் தைனா சொன்னாள். கடலுக்குள் நீண்டிருந்த மரத்துறையின் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது, தொடை நடுங்கியது. பிறகு வயிறு முங்கியது.

எடை போய்விட்டது.

மாதக்கணக்கில் தூக்கித் திரிந்ததை யாரோ கீழிருந்து கை கொடுத்து வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. இடுப்பெலும்புகள் ஒன்றையொன்று விட்டன. விலாவுக்கு அடியிலிருந்த குதிகால் இறங்கிப்போனது. மிர்வா தைனாவின் கையில் பிடரியைக் கொடுத்து மல்லாந்தாள். காலை நீட்டினாள். வீங்கிய பாதங்கள் இரண்டும் தூரத்தில், யாருடையவோ மாதிரி, தண்ணீருக்கு மேலே தெரிந்தன. நடுவில் வயிறு. அடிவயிறு வரை முழு மூச்சு இழுத்தாள். கடைசியாக அப்படி எப்போது மூச்சு விட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. சுகமாக இருக்கிறதா என்று தைனா கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியில்லாமல் இருந்ததும் சுகத்தில் ஒரு பங்கு.

அப்போது மரத்துறையில் காலடி கேட்டது. யார்க்கோ. நீச்சல் கால்சட்டை போட்டு, அதற்கு மேலே கான்வாஸ் வயிற்றை வார் இறுக்கிக் கட்டியிருந்தான். கைபேசியை ஒரு கம்பத்தில் சாய்த்து வைத்துத் தானாகப் படமெடுக்கும்படி முடுக்கிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வயிறும் தண்ணியில. இதைவிடப் படம் கெடைக்காது," என்றான். "அப்படியே இரு மிர்வா, அசையாத."

"அதோட எறங்காதடா. ஊறும்," என்றாள் தைனா.

அவன் இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் பாசி. கால் வழுக்கி முன்பக்கமாக விழுந்தான். மிர்வாவின் வயிறு மிதந்துகொண்டிருந்த அதே தண்ணீரில் அவன் வயிறு கல்லாக இறங்கியது, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. ஆழம் இடுப்பளவுதான். ஆனால் அடியில் சேறு. பஞ்சு மார்புகள் தண்ணீரைக் குடித்து உப்பின. முழங்கால் சேற்றில் புதைந்து, மோவாயை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகுப்பக்கம் இருக்கும் வாரைத் தேடி இரண்டு கையாலும் துழாவினான். அலை சின்னதாக வந்து வாயில் போனது.

"மிர்வா, வாரை அவுத்துவிடு. சீக்கிரம். பின்னாடி."

அவள்தான் பக்கத்தில் இருந்தாள். எழுந்து நின்று, அவன் முதுகுக்குப் பின்னால் போய், வாரின் கொக்கியைப் பிடித்தாள். பிடித்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. ஊறி இறுகிய வார் வழுக்கி வழுக்கிப் போனது.

"என்ன பண்ற? அவுத்துவிடு."

"முடியல. வெரல் மரத்திருக்கு."

"இப்ப போயா?"

தைனா அதற்குள் ஏணியேறி, மீன் செதில் சீவும் மேஜையிலிருந்து கத்தியை எடுத்து வந்துவிட்டாள். நாலு வாரையும் அறுத்தாள். சட்டை ஒரு குமிழி விட்டுச் சேற்றில் போய்ப் படுத்தது. யார்க்கோ தவழ்ந்து கரையேறி, பாறையில் உட்கார்ந்து இருமினான். கோரையும் சேறுமாக இருந்தான். அவன் முதுகில் வார் அழுத்திய தடம் சிவப்பாகத் தெரிந்தது.

மிர்வா ஏணியைப் பிடித்து மெதுவாக மேலே வந்தாள். ஒவ்வொரு படிக்கும் எடை திரும்பி வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் எதிரே நின்றாள்.

"வெரல் மரத்திருக்குன்னு நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே," என்றான் அவன். உண்மையான ஆச்சரியம் அந்தக் குரலில். ஒத்திகை பார்க்காத பேச்சு.

"ஏப்ரல்ல இருந்து சொல்றேன். நான் எதுக்கு வேலைக்குப் போறத நிறுத்தினேன்னு நெனச்ச?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "ஓய்வெடுக்கத்தான்னு..."

தைனா கத்தியைத் தண்ணீரில் அலசுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். மிர்வாவுக்குக் கோபம்கூட வரவில்லை. ஊசிக்கு முன்னாலேயே மயங்கி விழுகிற நோயாளியைப் பார்க்கும்போது வருகிற அலுப்புத்தான் வந்தது. இந்த ஆள் மணலைச் சுமந்து ஊரையே அழ வைத்தான். ஒரே கட்டிலில் படுத்திருப்பவளின் கையில் என்ன கோளாறு என்று அவனுக்குத் தெரியாது.

"பிரசவத்துக்கு எங்கூட தைனா வரட்டும்," என்றாள்.

"நானும்தான் வருவேன். நாந்தான அப்பா."

"அப்பாதான். வெளிய உக்காரு. எனக்கு வலிக்கிறப்ப, ஒனக்கு எங்கெல்லாம் வலிக்குதுன்னு கேக்கத் தெம்பு இருக்காது."

அவன் அக்காளைப் பார்த்தான். தைனா, தன்னை யாரும் முறையாகக் கேட்கவில்லை என்றாலும் வருகிறேன் என்றாள். மூன்று நாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். உடன்பிறந்தவளே தன் இடத்தைப் பறித்துவிட்டதாகத் தொலைபேசியில் யார் யாரிடமோ சொன்னான். கேட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். மணல் சட்டையைத் தோண்டியெடுத்து, உலர்த்தி, அறுந்த வாரோடு அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது என்ன காரணம் சொன்னானோ, மிர்வா கேட்கவில்லை. தலையணை அவள் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு முக்கியம். ஜூலை முழுக்கத் தைனா வாரம் இரண்டு முறை வந்து, அவளைக் கடலுக்கு அழைத்துப்போனாள்.

பிள்ளை சொன்ன தேதிக்குப் பிந்தி, ஒரு வெயில் காலையில் பிறந்தது. பெண். தைனாதான் மிர்வாவின் இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒருமுறை மிர்வா அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பல் டாக்டரின் கடி நல்ல கடியாகத்தான் இருக்கிறது என்று தைனா சொன்னாள்.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு வெளியிலிருந்து யார்க்கோவைக் கூப்பிட்டார்கள். சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டிருந்தான். தையல் வெளியே தெரிந்தது. பிள்ளையை அவன் கையில் கொடுத்தார்கள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தைனாவைப் பார்த்தான். அவள் அவன் முழங்கையை மடக்கி வைத்தாள். கைபேசி பைக்குள்ளேயே இருந்தது. நெஞ்சில் வைக்க அவனுக்குக் கை மிச்சமில்லை. பிள்ளையின் காதைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், மிர்வாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படி வாயடைத்துப் பார்த்ததில்லை மிர்வா. அப்படி இருந்தபோது அவன் பார்க்கச் சகிக்கும்படியாக, கொஞ்சம் அழகாகக்கூட இருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியை அனுபவித்தாள். அது மதியம் வரை நீடித்தது.